லெனேசியாவில் பிளம்ஸ் நடப்போகும் தோழிக்கு

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா,
ஜூன் 12

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. பேத்தி கோயில் வகுப்பில் தேவாரம் பாடியதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த முறை நான் வரும்போது அவளைப் பாடச் சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் நலம். இந்த மாதம் குளிர் முன்கூட்டியே இறங்கிவிட்டது. காலையில் கறிவேப்பிலைச் செடியின் நுனி இலைகள் வாடித் தொங்குகின்றன.

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியா வீட்டுக் கொல்லையில் நீ நட்ட மாங்கன்று மூன்றாவது முறையும் உறைபனியில் கருகிவிட்டது என்றும், இனி அந்த மண்ணில் எந்தப் பழமரமும் வேண்டாம் என்று மனம் சலித்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபின் இரண்டு நாள் எனக்கு வேறு நினைவே இல்லை. டர்பனில் சாட்ஸ்வர்த் வீட்டுக் கொல்லைகளில் மாவும் லிச்சியும் கொய்யாவும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொல்லை என்று ஒன்று இருந்தால் அதில் மாமரம் நிற்க வேண்டும் என்பது நம் எலும்பில் ஊறிய எண்ணம். ஆனால் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே உள்ள உன் ஊரில், மாங்கன்றைக் கொன்ற அதே குளிரைத்தான் இன்னொரு மரம் வருந்தி அழைக்கிறது. அந்தக் குழியை மூடிவிடாதே. இந்த ஆடியில் பிளம்ஸ் நடு.

பிளம்ஸ் மரத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இலை உதிர்ந்தபின் அது உண்மையாகவே தூங்குகிறது. அந்தத் தூக்கம் நிறைவதற்கு, சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர் இத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு நிறையாவிட்டால், வசந்தம் வந்தபின்னும் மரம் அரைத்தூக்கத்திலேயே நிற்கும். ஒரு கிளையில் பூ, ஒரு கிளையில் வெறும் குச்சி என்று ஒழுங்கில்லாமல் விழித்து, இருந்த பூவையும் உதிர்த்துவிடும். டர்பன் கடற்கரையில் நம் உறவினர் பலர் ஆசையாக நட்டுக் காய்க்காமல் வெட்டிப்போட்டதற்குக் காரணம் இதுதான். அவர்களுடைய மண்ணிலோ கையிலோ குறை இல்லை, குளிர் போதவில்லை. எங்கள் ஊரில் இரவு குளிர்ந்தாலும், பகல் வெயில் அந்தக் குளிரில் ஒரு பங்கை அழித்துவிடுகிறது. அதனால் குறைந்த குளிரிலேயே நிறைவடையும் ரகத்தை நான் தேட வேண்டியிருந்தது. உனக்கு அந்தக் கவலையே இல்லை.

என் கொல்லையில் நிற்பது மெத்லி. இது அன்று நட்டால் என்று அழைக்கப்பட்ட நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே தானாக முளைத்த ஒரு நாற்றிலிருந்து வந்த ரகம் என்று அறிந்தபோது எனக்குச் சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போல் இருந்தது. ஜப்பானிய பிளம்ஸும் மைரோபாலன் என்னும் சிறு காட்டு பிளம்ஸும் கலந்து பிறந்தது என்று கருதுகிறார்கள். 150 முதல் 250 மணி நேரக் குளிர் இதற்குப் போதும். துணை மரம் இல்லாமல் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பழம் சிறியது. தோல் கருஞ்சிவப்பு, உள்ளே சதையும் சிவப்பு. பழுத்த பழத்தின் மேல் வெண்மாவு படிந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல் மின்னும். ஒரு மரத்துப் பழம் ஒரே நாளில் பழுக்காது. கார்த்திகை தீபத்தை ஒட்டி இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் ஒரு கிண்ணம் பறிக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் குழைந்துவிடும் என்பதால் கடைக்காரர்கள் இதை விரும்புவதில்லை. வீட்டுக் கொல்லையில் நின்றால்தான் இதன் உண்மையான சுவையை நாம் அறிய முடியும்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது சாந்தா ரோசா. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாந்தா ரோசா ஊரில் லூதர் பர்பேங்க் உருவாக்கி 1906இல் வெளியிட்ட ரகம் அது. ஜப்பானிய பிளம்ஸ் வழி வந்தது. ஜப்பானியம் என்று பெயர் இருந்தாலும் அந்த இனத்தின் தாயகம் சீனம். மெத்லியைவிடக் கூடுதலாகக் குளிர் கேட்கும், உன் ஊரில் அது தாராளமாகக் கிடைக்கும். தனியாக நின்றாலும் காய்க்கும், பக்கத்தில் ஒரு மெத்லி நின்றால் இன்னும் நன்றாகக் காய்க்கும். தோலருகே புளிப்பும் உள்ளே தேன்போன்ற இனிப்புமாக, கடித்தவுடன் நாக்கில் இரண்டும் சேர்ந்து இறங்கும். சின்ன வயதில் டிசம்பர் மாதம் டர்பன் காலைச் சந்தையில் கேப் பக்கத்திலிருந்து வந்த பெட்டிகளிலிருந்து என் ஆயா கைப்பிடியளவு வாங்கி முந்தானையில் முடிந்து வருவார்களே, அந்த வாசனை இன்றும் எனக்கு இந்தப் பழத்தில்தான் கிடைக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொன்னது ஊரில் மழைக்கால விதைப்புக்காக. இங்கே ஆடி என்றால் நடுங்கும் குளிர்காலம். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் நாம் கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். ஆனாலும் பிளம்ஸ் நடுவதற்கு அந்தப் பழமொழி இந்த மண்ணிலும் எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது. ஜூலையில்தான் நாற்றங்காலில் மண் இல்லாத வெற்று வேர்க்கன்றுகள் கிடைக்கும். மரம் தூங்கும்போது இடம் மாற்றினால் வேருக்குத் தெரியாது. வாங்கிய கையோடு வேரை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வை. ஒரு மணி நேரம் காற்றில் காய்ந்தாலும் நுண்வேர்கள் போய்விடும். இரண்டடி அகலம் இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, எடுத்த மண்ணோடு மக்கிய உரத்தைக் கலந்து மூடு. பச்சைச் சாணம் மட்டும் கூடாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் நட்ட கன்றை என் அறியாமையால்தான் இழந்தேன். கரும்புத்தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தபின் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வாழைக்கு அடியில் எருவைக் குவிப்பது போலவே பிளம்ஸ் கன்றின் தண்டைச் சுற்றியும் குவித்து, நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். வேறொரு மரத்தின் வேர்த்தண்டில் பிளம்ஸை ஒட்டுக்கட்டிய இடம் எருவுக்குள் புதைந்தது. மழைக்காலத்தில் அந்த இடத்துப் பட்டை கறுத்து நொய்ந்து, மேலே இருந்த பிளம்ஸ் பட்டுப்போனது. கீழேயிருந்து இரண்டு தளிர்கள் கொழுகொழுவென்று கிளம்பின. மரம் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்ந்து, அவற்றை இரண்டு ஆண்டு பாலூட்டுவது போல் வளர்த்தேன். இலை ஒடுங்கி நீண்டு வாள்போல் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் பூத்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிளம்ஸ் பூ மல்லிகைபோல் வெள்ளை. என் மரத்தில் பூத்தது இளஞ்சிவப்பு. நான் வளர்த்தது ஒட்டுக்கு அடியில் இருந்த பீச் வேர்ச்செடி. என் வீட்டுக்காரர் அதை வெட்டிய நாளில் நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே, ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும், அதற்குக் கீழே எது முளைத்தாலும் விரலால் கிள்ளி எறிந்துவிட வேண்டும் என்று உன்னிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது கவாத்து. நம்மவர்களுக்கு இதுதான் மனம் ஒப்பாத வேலை. மாமரத்தைக் கத்தி படாமல் வளர்த்த கைகள் நம்முடையவை. பிளம்ஸ் மரமோ கத்தி படாவிட்டால் சில ஆண்டுகளிலேயே வீட்டுக்கூரைக்கு மேலே போய், உச்சியில் மட்டும் காய்த்து, அடியில் மொட்டையாகிவிடும். நட்ட நாளிலேயே கன்றை உன் இடுப்புக்குக் கீழே வரும்படி வெட்டிவிடு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைப் பாதியாக வெட்டுவதா என்று அண்ணன் கேட்பார். வேர் அறுந்து வந்த கன்றால் முழு உயரத்தையும் தாங்க முடியாது என்று அவரிடம் சொல். அடுத்த ஆண்டு நாலா பக்கமும் விரியும் நான்கு கிளைகளை மட்டும் வைத்து, நடுவே வெயில் இறங்கும்படி கிண்ணம்போல் திறந்துவிடு. வெட்டுமுன் குச்சியைக் கண்ணருகே கொண்டுவந்து பார். இலைமொட்டு கூராக, தண்டோடு ஒட்டிக்கிடக்கும். பூமொட்டு உருண்டு, இரண்டு மூன்றாகக் கூடி நிற்கும். வெளிப்பக்கம் பார்க்கும் இலைமொட்டுக்கு மேலே, மழைத்துளி வழிந்தோடும்படி சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். பல ஆண்டு காய்க்கும் குட்டைக் கொப்புகளை மட்டும் தொடாதே. பார்க்கச் செத்த குச்சிபோல் இருக்கும், ஆனால் பழம் அதில்தான்.

காய் களைவதும் அப்படித்தான். காய்கள் கோலிக்குண்டு அளவு வந்ததும், நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறேன். முதல் ஆண்டு மனம் வராமல் விட்டதில், எல்லாம் பாக்களவிலேயே நின்று, ஒரு கிளை பாரம் தாங்காமல் முறிந்தது.

உன் ஊரில் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று பின்பனி. உன் ஊர் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் செப்டம்பரில்கூட ஓர் இரவு உறைபனி விழலாம். தூங்கும் மரத்தை அது ஒன்றும் செய்யாது, விரிந்த பூவையோ கருக்கிவிடும். குளிர்காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்தில் தேங்கும். ஆகவே கொல்லையின் தாழ்ந்த மூலையில் நடாதே. மெத்லி சீக்கிரம் பூப்பதால் அதற்கு இன்னும் ஆபத்து அதிகம். பூத்த காலத்தில் வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலையானால், சிறு மரத்தின் மேல் பழைய போர்வையைப் போட்டுக் காலையில் எடுத்துவிடு. இரண்டாவது ஆலங்கட்டி. அதற்கு வலை கட்டுவதைத் தவிர வழியில்லை.

பழ ஈ நம் இருவருக்கும் பொதுவான பகை. மத்தியதரைக் கடல் பழ ஈயோடு, நட்டாலின் பெயரைத் தாங்கிய இன்னொரு பழ ஈயும் நம் நாட்டில் உண்டு. காய் நிறம் மாறும்போது தோலில் ஊசிமுனை அளவு புள்ளியும், அதன்மேல் கண்ணாடித்துளிபோல் பிசினும் தெரிந்தால், உள்ளே முட்டை இருக்கிறது என்று பொருள். விழுந்த பழத்தை ஒருநாள்கூடத் தரையில் விடக்கூடாது. நான் அன்றாடம் பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன். கிளை கிளையாக மெல்லிய துணிப்பை கட்டியதில் சென்ற ஆண்டு பாதிக்கு மேல் பழம் தப்பியது. பக்கத்து வீட்டுக் கொய்யாவின் அடியிலும் பொறுக்கிக்கொடுக்கிறேன், ஏனெனில் ஈக்கு வேலி தெரியாது.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய பிளம்ஸ் தோட்டங்கள் வெஸ்டர்ன் கேப்பில் இருப்பதற்குக் காரணம் அங்கே கோடை வறண்டிருப்பதுதான். நமக்குக் கோடையில்தான் மழை. அதனால் இலையில் புள்ளி விழுந்து சல்லடையாகும். இலை உதிரும் காலத்தில் ஒரு முறையும் மொட்டு பருக்குமுன் ஒரு முறையும் செம்பு மருந்து தெளிக்கிறேன். கேப் பழத்தின் பளபளப்பு நம் கொல்லைப் பழத்துக்கு வராது. எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை.

சென்ற நவம்பரில் மீந்த பழத்தைக் கொட்டை நீக்கி, காய்ந்த மிளகாயும் வெந்தயமும் வறுத்துப் பொடித்துப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளறித் தொக்கு செய்தேன். மகன் வரும்போது உனக்கு ஒரு போத்தல் கொடுத்தனுப்புகிறேன். தோலை நீக்காமல் போட்டதால்தான் அந்த நிறம்.

நீ உடனே எனக்கு எழுத வேண்டியது ஒன்று உண்டு. மாங்கன்று நின்ற குழி கொல்லையின் மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? மழை பெய்தபின் அங்கே தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது? குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வடிய எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து அனுப்பு. அதைப் பார்த்தபின்தான் அதே குழி ஆகுமா, மேடு கட்ட வேண்டுமா என்று என்னால் சொல்ல முடியும். கன்று வாங்க அதுவரை பொறுத்திரு. கூழ் ஊற்றும் வாரத்துக்குள் நட்டுவிட்டால் போதும்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அன்புத் தோழி