கை கழுவிட்டேன், தூக்கலாமா?

எங்கள் தெருவுக்கும், சொந்தபந்தங்களுக்கும், அன்று ராத்திரி கூட ஓடிவந்த எல்லோருக்கும்,

அந்தச் சனிக்கிழமை முந்திரி உள்ளே போய் எங்கள் பாப்பாவுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடியது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நேற்று புதுச்சேரியில் பாப்பாவுக்குத் தோல் பரிசோதனை முடிந்து, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். இப்போது தூங்குகிறாள். ஆறு வாரமாக மனசில் இருந்த நன்றியை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்காவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கம் இருக்கும் நமக்கு முந்திரி என்பது தோப்பு, கூலி, வீட்டுக் கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாமும்தான். அக்கா காலையிலிருந்து சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்து கொட்டை உடைப்பவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் ஓட்டு எண்ணெய் பட்டு அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருக்கும். பாப்பா பிறந்த நாளிலிருந்து அந்தக் கைகளில்தான் வளர்ந்தாள். "பெரிம்மா" என்பதுதான் அவள் ஒழுங்காகச் சொன்ன முதல் வார்த்தை.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபிறகு நான்கு நாள் அக்கா வரவில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது, அவர் மட்டும் வரவில்லை. முந்திரியால் வந்தது என்று கேள்விப்பட்டுச் சங்கடப்படுகிறாரோ, நாங்கள் ஏதாவது சொல்லிவிட்டதாக நினைத்துவிட்டாரோ என்று எனக்குள் ஒரே குழப்பம். போய்ப் பேசவும் தயக்கமாக இருந்தது. வீட்டுப் பிழைப்பே அதில் இருக்கும்போது என்னவென்று சொல்வது?

ஐந்தாம் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். துவைத்த புடவை, ஈரத்தலை. உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினார். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்ததில் தோல் வெளுத்திருந்தது.

"கை கழுவிட்டேன் தங்கச்சி. குளிச்சிட்டுத்தான் வந்தேன். தூக்கலாமா?"

நான் அழுதுவிட்டேன். பாப்பா தானாகவே ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நான்கு நாளில் அவர் என்ன செய்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கொட்டை உடைக்கிற இடத்தைத் திண்ணையிலிருந்து கொல்லைப்புறத்துக்கு மாற்றியிருக்கிறார். முன்வாசலைக் கழுவி விட்டிருக்கிறார். வேலைக்கென்று ஒரு பழைய புடவையைத் தனியாக வைத்துவிட்டார். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லையில் வெயில் தாங்காது, உட்கார்ந்து உடைக்கிற நேரம் குறைந்தால் கூலியும் குறையும். அதையெல்லாம் அவர் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, நல்ல தோலில் முந்திரி பட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் தடிப்போடு நின்றுவிடும், வாய் வழியாக உள்ளே போவதுதான் ஆபத்து என்றார். ஆனால் இரண்டரை வயசுக் குழந்தையின் கை எந்நேரமும் வாயில்தானே இருக்கிறது? அதனால் அக்கா செய்ததுதான் சரி, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், சானிட்டைசர் தடவினால் முந்திரியின் புரதம் போகாது என்றும் சொன்னார். அக்காவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய ஊசி மருந்தான அட்ரினலின் எங்களிடம் இப்போது எப்போதும் இருக்கிறது. வெளிநாடுகளில் பேனா மாதிரி வரும் ஊசி நம் பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை. அதனால் மருந்து அடைத்த கண்ணாடி ஆம்பூலும் 1 மில்லி சிரிஞ்சும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பாப்பா 12 கிலோ, ஆகவே 0.12 மில்லிகிராம். எங்கள் ஆம்பூலில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் மருந்து, அதனால் சிரிஞ்சில் 0.12 மில்லி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில் குத்த வேண்டும். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, முதலில் ஊசி, உடனே 108. குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. இது எங்கள் பாப்பாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் அக்கா, "நீ வேலைக்குப் போற நேரத்துல ஏதாவது ஆனா? எனக்கும் போடக் கத்துக்குடு" என்றார். வேலை முடிந்து வந்து, ஒரு வாரம் தினமும் சாத்துக்குடியில் தண்ணீர் ஊசி போட்டுப் பழகினார். சிரிஞ்சில் எண்கள் பொடிசாக இருந்ததால் அவர் மகளின் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்து 0.12-இல் ஒரு கோடு போட்டோம். நர்ஸ் அம்மா பழகுவதற்காகக் காலாவதியான ஆம்பூல்கள் கொடுத்திருந்தார். நான் உடைத்தபோது கண்ணாடி நொறுங்கி விரலைக் கிழித்தது. அக்கா முந்தானையால் கழுத்தைப் பிடித்து ஒரே தட்டில் சுத்தமாக உடைத்தார். நாளெல்லாம் கொட்டை உடைத்துப் பழகிய கை.

மற்றவர்களுக்கும் நன்றி. கேட்டதும் வண்டியை எடுத்த ஆட்டோ அண்ணனுக்கும், வாசலிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், ஒவ்வாமை திரும்பவும் வரலாம் என்று எங்களை ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கவைத்த டியூட்டி டாக்டருக்கும், பெரியவனை மூன்று நாள் வைத்துப் பார்த்துக்கொண்ட சித்திக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும்.

புதுச்சேரி மருத்துவருக்குத் தனியாக ஒரு நன்றி. பயத்தில் நான் ஒரு லேபில் எல்லா உணவுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்து, பாசிட்டிவ் வந்த பால், கோதுமை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டிருந்தேன். பிள்ளை இளைத்துப் போனாள். "நேத்து வரைக்கும் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலியே, அப்புறம் ஏம்மா நிறுத்தினீங்க? ரிப்போர்ட்ல வர்றதெல்லாம் ஒவ்வாமை இல்ல" என்று அவர் சொன்னதில் பாதி பாரம் இறங்கியது. நேற்று முதுகில் துளித்துளியாக வைத்துக் குத்தினார். பதினைந்து நிமிடத்தில் முந்திரியும் பிஸ்தாவும் என் கட்டைவிரல் நகத்தளவு வீங்கின. வேர்க்கடலை வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் நிறுத்திய அந்த மூன்றையும் இன்றிலிருந்தே பழையபடி கொடுக்கச் சொல்லிவிட்டார். முந்திரியும் பிஸ்தாவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை என்பதால் இரண்டும் கூடாது.

"மந்தம்னு முந்திரியே கொடுக்காம வளர்த்தேன், அதனாலயா?" என்று கேட்டேன். வேர்க்கடலையைச் சீக்கிரம் கொடுத்தால் அதன் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது, ஆனால் உங்கள் குழந்தைக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை மறக்க மாட்டேன்.

நானும் ஒரு வார்த்தை கொடுக்கிறேன். இனி எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் கேசரி, பொங்கல், குருமா, பாயசம் என்று எதில் முந்திரி விழுந்திருக்கிறது என்பதைப் பந்தி வாசலில் எழுதி வைப்பேன். பாக்கெட் பலகாரத்தில் அச்சடித்திருக்கும், குருமாவில் அரைத்து ஊற்றியது யார் கண்ணுக்குத் தெரியும்?

எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா வாசலிலிருந்து குரல் கொடுக்கிறார். பாப்பா எழுந்துவிட்டாளா என்று கேட்கிறார். கை ஈரமாகத்தான் இருக்கும். போய்க் கதவைத் திறக்கிறேன்.