ஆய்வு நிதிக் குழுவினருக்கு: கருவி கட்டிய காலத்தையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பயன்பாட்டு இயற்பியல் விண்ணப்பங்களுக்கான முடிவுகளை அனுப்பிவிட்டீர்கள். என்னுடையதற்கு வந்த காரணம் ஒரே வரி: வெளியீடுகள் போதவில்லை. சரி, போதவில்லைதான். அந்தக் காலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அதற்கென்று உங்கள் படிவத்தில் கட்டம் இல்லாததால் 'இதர விவரங்கள்' என்ற இடத்தில் நெருக்கியடித்து எழுதியிருந்தேன். மெல்லிய படலங்களை வளர்ப்பதற்காக, உள்ளே காற்றே ஏறக்குறைய இல்லாதபடி வைத்திருக்கும் மீஉயர் வெற்றிடக் கலன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உங்களில் பலர் இந்த வேலையைச் செய்து வந்தவர்கள்தான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கலனை மூடி, பம்பை ஓடவிட்டு, சுவரில் ஒட்டிய நீராவி வெளியேறட்டும் என்று 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் நாள்கணக்காகச் சூடாக்கி, ஆறவிட்டுப் பார்த்தால் அழுத்தம் பாதி வழியிலேயே நின்றிருக்கும், அதற்குக் கீழே இறங்காது. அப்புறம் ஹீலியம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக ஊதிக்கொண்டே போக வேண்டும், கசிவு காட்டும் கருவி எங்கே கத்துகிறது என்று. கடைசியில் பார்த்தால் ஒரு ஃபிளாஞ்சின் (பாகங்களை இணைக்கும் உலோகத் தட்டின்) கூர்விளிம்பில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு கீறல், இடையில் அடைப்பாக வைக்கும் செம்பு வளையம் அங்கே மட்டும் அழுந்தி உட்காரவில்லை. கலனைத் திறந்தால் காற்று உள்ளே போகும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இப்படிப் போன மாதங்களில் எந்தக் கட்டுரையை எதிர்பார்த்தீர்கள்?

கலன் ஒழுங்காக ஓடத் தொடங்கிய நேரத்தில் என் ஒப்பந்தம் முடிந்துபோனது. இப்போது அதில் படலம் வளர்ப்பவர்களுக்குக் கட்டுரைகள் வருகின்றன. மகிழ்ச்சி, நிஜமாகவே. நன்றியுரையில் என் பெயரைப் போடுகிறார்கள். நன்றியுரையை உங்கள் படிவம் எண்ணுவதில்லை.

கேட்பது இவ்வளவுதான்: கருவி கட்டிய காலத்தையும் ஆய்வுக் காலமாக எண்ணுங்கள்.

நீல எல்இடிக்காக 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஷூஜி நகமுரா, அந்த நீல ஒளியைத் தரும் காலியம் நைட்ரைடு படிகம் வளர்க்கும் உலையைத் தானே மாற்றியமைத்து, வாயுக்களை இரண்டு ஓட்டங்களாக உள்ளே விடும் முறையைக் கொண்டுவந்தார். நல்ல படலம் அந்த உலையில்தான் வளர்ந்தது. அப்போது அவரிடம் முனைவர் பட்டம்கூட இல்லை, அது 1994இல்தான் கிடைத்தது. அந்த உலை வேலையையும் 'இதர விவரங்கள்' பகுதியில் எழுதச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போதாக்குறைக்கு எங்கள் துறைக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி. இயற்பியல் குழுவுக்குப் போனால் இது பொறியியல் என்கிறார்கள், பொறியியல் குழுவுக்குப் போனால் எப்போது சந்தைக்கு வரும் என்கிறார்கள். கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் வைத்து ஆய்வாளரை ஒற்றை எண்ணால் அளக்கும் எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்தவரும் ஓர் இயற்பியலாளர்தான், யாரைப் போய்க் குறை சொல்வது! சரி, அதை விடுங்கள்.

விண்ணப்பத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். என்ன கருவி கட்டினோம், அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள், அதிலிருந்து என்ன அளவீடுகள் வந்தன என்று எழுதித் தருகிறோம். பரிசோதனைக்கூடத்தில் கை வைத்து வேலை செய்த ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் நிராகரியுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். கருவி கட்டிய காலத்தை எண்ணுங்கள் என்பதைத் தவிர வேறு சலுகை எதையும் கேட்கவில்லை. அடுத்த அழைப்பு வெளிவரும் முன் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விண்ணப்பதாரர்களில் ஒருவர்