ஆழம் மட்டுமே அளவுகோல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்றுக்கலனைச் சுமந்து கடலுக்கடியில் மூழ்கும் உள்ளூர் ஸ்கூபா கழகத்தின் ஓராண்டுப் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தி, எத்தனை மீட்டர் ஆழம் சென்றார்கள் என்பதையே பெரிதுபடுத்தியிருந்தது. கழக உறுப்பினன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 30 மீட்டரில் மூழ்குபவரின் காற்று மேற்பரப்பில் இருப்பதைவிட நான்கு மடங்கு வேகமாகத் தீர்கிறது. ஆகவே, பருவத்தின் முதல் பயணத்தை ஆழம் குறைந்த நீரிலேயே வைத்து, முகமூடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும், காற்று தீர்ந்த துணைவருக்கு மாற்று வாய்க்குழாயைக் கொடுப்பதையும் மீண்டும் பழகிய பின்னரே ஆழத்துக்குச் செல்கிறோம். மேலேறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது சிலருக்குச் சலிப்புதான். ஆனால் அது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்கான நேரம். வானிலை சரியில்லாமல் கைவிட்ட பயணங்களையும் இனிச் செய்தியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கழக உறுப்பினர் ஒருவர்