காலையில் ஏறும் தராசு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் வெள்ளாமை வெட்டு முடிந்ததா? நான் சுகம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான், உனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

மாசியில் எனக்கு மாரடைப்பு வந்தது உனக்குத் தெரியும். அது நெஞ்சு நோவாக வரவில்லை, அதை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை. விடியப்புறம் இடது தாடையில் ஒரு உளைச்சல், சட்டை நனைய வேர்வை. வாயு என்று நினைத்து இஞ்சி போட்ட பிளேன்டீயைக் குடித்துவிட்டு மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டேன். நீரிழிவு கனகாலம் இருந்தால் நரம்பு மரத்து, நோ தெரியாமலும் மாரடைப்பு வரும் என்று மறுகாதான் அறிந்தேன். உனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது மச்சான். அப்படி ஏதும் என்றால் ஓட்டோ தேடிக்கொண்டு நிற்காதே, உடனே 1990க்கு அடி. அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மாரடைப்பில் செத்த இதயத் தசை திரும்பி வராது. எக்கோவில், அதுதான் இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பதில், இதயம் இரத்தத்தைத் தள்ளுவது 35 வீதம் என்றதும் நான் உடைந்துபோனேன். நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் 60 வீதமளவில்தான் தள்ளும் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் பயம் கொஞ்சம் இறங்கியது. இதயம் தள்ளுவது குறைந்தால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நிறை கூடும், கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்.

அதனால் தினமும் விடிய எழும்பி, சலம் போய்விட்டு, தேத்தண்ணிக்கு முன் தராசில் ஏறுகிறேன். மனுசி கலண்டர் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். 64.2, 64.0, 64.3. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை 66.1 காட்டியது. அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க போய்க் கருவாடு சாப்பிட்டீங்க?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில். மனுசி குனிந்து என் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அன்றே கிளினிக் போனோம். சலம் போகிற குளிசையைக் கூட்டித் தந்தார்கள், நாலைந்து நாளில் பழைய நிறைக்கு வந்துவிட்டேன். மூச்சு முட்டுவதற்கு முன்பே தராசு காட்டிக்கொடுத்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

இரவில் நெஞ்சு படபடத்தால் இன்னும் பயம்தான். அவளும் முழித்துத்தான் கிடக்கிறாள் என்று மூச்சுச் சத்தத்திலேயே தெரியும். அதை இருவரும் கதைப்பதில்லை.

சரி, பின்னேரங்களில் பழைய கல்லடிப் பாலத்தில் நடக்கிறேன். நடந்தபடி கதைக்க முடிய வேண்டும், அவ்வளவு வேகம் போதும் என்கிறார்கள். அடுத்த மாதம் நீ வந்தால் சேர்ந்து நடக்கலாம். வரும்போது உன் கிளினிக் கொப்பியையும் கொண்டுவா, பிரஷர் எவ்வளவு என்று நானே பார்க்க வேண்டும்.

உன்,
ரவி
கல்லடி