மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் வசதிகள் தேக்கா வணிகர்களுக்கும் எட்ட வேண்டும்: சட்ட அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தேக்கா வட்டாரத்தின் சிராங்கூன் சாலை, டன்லப் ஸ்திரீட், பஃபலோ ரோடு பகுதிகளில் மளிகை, பாத்திரம், துணி இறக்குமதி செய்யும் சிறு வணிகர்கள்

பெறுநர்:
மாண்புமிகு சட்ட அமைச்சர் அவர்கள்,
சட்ட அமைச்சு, சிங்கப்பூர்

பொருள்: நடுவர் விசாரணைகளுக்கான இடமான மேக்ஸ்வெல் சேம்பர்ஸையும் அனைத்துலக நடுவர் தீர்ப்புச் சேவைகளையும் சிறு வணிகர்கள் பயன்படுத்தத் தமிழில் உதவியும் கட்டுப்படியாகும் அறை வசதியும் கோருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் கடை வைத்திருப்பவர்கள். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்கள் வழியாக வத்தல், மஞ்சள், புளி, எவர்சில்வர், வேட்டி சேலை என்று சரக்கு இறக்குகிறோம். எங்கள் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அந்தப் பக்கத்தின் அடியில், யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் சிங்கப்பூரில் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வோம் என்று ஒரு வரி போட்டிருப்போம். தகராறு வரும்வரை அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

எங்களில் ஒருவருக்கு அந்தத் தகராறு வந்தது. இரண்டு கன்டெய்னர் மிளகாய் வத்தல். பாசிர் பாஞ்சாங் கிடங்கில் கதவைத் திறந்ததும் நெடி வரவில்லை, ஈரச் சாக்கு வாடைதான் வந்தது. மேல் வரிசை மூட்டைகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. அடி வரிசையில் கையை விட்டால் வத்தல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது, காம்புப் பக்கம் வெள்ளைப் பூஞ்சை. அனுப்பியவர் கப்பலில்தான் நனைந்தது என்றார். வாங்கிய எங்கள் ஆளோ, ஏற்றும்போதே வத்தல் காயவில்லை என்றார். சரி, நடுவரிடம் போவோம் என்று இவர் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு வாதம் வந்தது: "எந்த மன்றம் என்றே எழுதவில்லை, அதனால் அந்த வரி செல்லாது." இவரும் அதை நம்பி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டார்.

அந்த வாதம் நிற்காது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிங்கப்பூரின் அனைத்துலக நடுவர் தீர்ப்புச் சட்டம் 1994இல் வந்தது. சிங்கப்பூரில் நடக்கும் வழக்கில் இரு தரப்பும் சேர்ந்து நடுவரை அமர்த்த முடியாமல் போனால், அவரை நியமிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் எஸ்ஐஏசி என்கிற சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் தீர்ப்பு மையத்தின் நடுவர் மன்றத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் மையத்தின் பெயர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. இதைச் சட்டம் படித்தவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். தேக்காவில் சொல்ல ஆள் இல்லை.

சிறு தொகைத் தகராறுகளுக்கான நீதிமன்றப் பிரிவான சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். அங்கே வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. இரண்டு கன்டெய்னர் சரக்கின் மதிப்பு அதற்குள் அடங்காது. அடங்கினாலும், இங்கே வாங்கிய உத்தரவைத் தூத்துக்குடியில் செல்லுபடியாக்குவது தனிப் பாடு. நடுவர் தீர்ப்புக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஒரு நாட்டின் நடுவர் தீர்ப்பை மற்ற நாடுகளும் ஏற்று நிறைவேற்ற வகைசெய்யும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது, சிங்கப்பூரும் 1986இல் சேர்ந்துவிட்டது. இங்கே கிடைக்கும் தீர்ப்பை அங்கே உயர் நீதிமன்றத்தில் வைத்து நிறைவேற்றக் கோரலாம். பெரிய இந்திய நிறுவனங்கள் தங்கள் வழக்கைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவதும், எஸ்ஐஏசி மும்பையில் 2013இலேயே அலுவலகம் திறந்ததும் இதனால்தான். எங்கள் சரக்கும் அதே கடல் வழியாகத்தான் வருகிறது.

மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் எங்களுக்குத் தூரமில்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். பழைய சுங்கத் துறைக் கட்டடத்தில் 2010இல் திறந்தது. பழைய போக்குவரத்துக் காவல் தலைமையகத்தையும் சேர்த்து 2019இல் விரிவாக்கினார்கள். விசாரணை அறைகள், தரப்புகள் தனித்தனியே உட்கார்ந்து பேச அறைகள், காணொளி இணைப்பு, சொல்வதை அப்படியே எழுத்தாக்கும் சேவை, மொழிபெயர்ப்பாளருக்கான ஏற்பாடு, எஸ்ஐஏசி உட்படப் பல அமைப்புகளின் அலுவலகங்கள் எல்லாம் அங்கேயே. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த வாசலைத் தாண்டி எதிரே இருக்கும் உணவங்காடிக்குச் சாப்பிடப் போகும் எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அது தமக்கும் உரிய இடம் என்று நினைத்ததில்லை.

இந்தச் சமயத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. எஸ்ஐஏசியின் புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. பத்து லட்சம் வெள்ளிக்கு மேற்படாத வழக்குகளுக்கு அதில் ஒரு சுருக்க நடைமுறை வந்திருக்கிறது: ஒரே நடுவர், அவர் பொறுப்பேற்ற மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு, நடுவருக்கும் மையத்துக்குமான கட்டணங்கள் வழக்கமான உச்சத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. எங்கள் அளவு தகராறுக்கு அளந்து தைத்த சட்டை போல இருக்கிறது. அதை அமைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த நடைமுறையில் பொதுவாக நேரடி விசாரணை கிடையாது, நடுவர் கேட்டால்தான் உண்டு. ஆவணங்களை வைத்தே தீர்ப்பு. எங்கள் ஆவணங்கள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சரக்கு ஏற்றிய சீட்டு கையால் எழுதியது, பாதி தமிழ், பாதி எண்கள். விலை பேசியது வாட்ஸ்அப் குரல் பதிவில், பின்னால் லாரி ஹாரன் சத்தத்தோடு. தவணை கேட்டதும் கொடுத்ததும் அப்படித்தான். மூட்டைக் கணக்கு கணக்குப்பிள்ளையின் நோட்டில். இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒழுங்காக மாற்றி, நாள்வாரியாக அடுக்கி, சரியான மொழிபெயர்ப்பு என்று சான்றோடு கொடுத்தால்தான் நடுவர் பார்க்க முடியும். நேரில் பேசி விளக்கவும் வாய்ப்பு இல்லாத இடத்தில், மொழிபெயர்ப்பு சறுக்கினால் வழக்கே சறுக்கிவிடும். அரசு நீதிமன்றத்துக்குப் போனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். நடுவர் வழக்கில் அவரவரே ஆள் தேடிக்கொள்ள வேண்டும். வணிகத் தமிழும் சட்ட ஆங்கிலமும் இரண்டும் தெரிந்தவரை எங்கே தேடுவது?

ஆகவே முதலாவதாக நாங்கள் கேட்பது, நடுவர் வழக்குகளில் வேலை செய்யத் தகுதியுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள், குரல் பதிவை எழுத்தாக்குபவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்று. அமைச்சு அதைத் தயாரித்து, பக்கத்துக்கு என்ன கட்டணம் என்பதையும் சேர்த்து, மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் வரவேற்பிலும் இணையத்திலும் வைத்தால் போதும். புதிதாக ஒரு துறை தொடங்கச் சொல்லவில்லை.

அடுத்தது ஒரு சிறு தமிழ்க் கையேடு. ஒப்பந்தத்தில் அந்த வரியை எப்படி எழுத வேண்டும், வழக்கு எங்கே நடப்பதாகக் குறிப்பிட வேண்டும், சுருக்க நடைமுறை யாருக்குப் பொருந்தும், சரக்கு கெட்டு வந்தால் அன்றைக்கே எதைப் படம் எடுத்து, யாரைக் கூப்பிட்டுப் பார்வையிட வைத்து, எதை எழுதி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எஸ்ஐஏசியும் 2014இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக சமரச மையமும் சேர்ந்து நடத்தும் ஏற்பாட்டையும் விளக்கினால் மிகவும் நல்லது. நடுவர் வழக்கைத் தொடங்கி, நடுவே நிறுத்தி, சமரசம் பேசி, ஒத்துப்போனால் அதையே தீர்ப்பாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது அந்த ஏற்பாடு. எங்கள் வியாபாரத்தில் பாதிப் பேர் சம்பந்தி, மச்சான் முறை. தோற்கடித்துவிட்டு மறுபடி அதே ஆளிடம் சரக்கு கேட்க முடியாது. சமரசமும் வேண்டும், பேசியபடி நடக்காவிட்டால் பிடித்து இழுக்கப் பிடியும் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதைப்போல ஒத்துவரும் வழி வேறு இல்லை. கையேட்டை வெளியிட்ட பின், தேக்கா பக்கம் ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் சில மாலைகள் ஒரு வழக்கறிஞர் வந்து தமிழில் கேள்வி பதில் நடத்தினால் கூட்டத்துக்கு நாங்கள் பொறுப்பு.

அப்புறம் அறை. சமரசப் பேச்சுக்கோ நடுவர் கேட்கும் குறுகிய விசாரணைக்கோ சிறிய அறை ஒன்று அரை நாள் கிடைத்தால் போதும். பெரிய வழக்குகள் இல்லாத நாட்களிலும், மாலை வேளைகளிலும், காலியாகக் கிடக்கும் சிறு அறைகளைச் சுருக்க நடைமுறை வழக்குகளுக்குக் குறைந்த கட்டணத்தில் தர முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறோம். தூத்துக்குடியில் மூட்டை ஏற்றிய மேஸ்திரி சாட்சி சொல்ல விமானம் ஏறி வரமாட்டார். காணொளியில் வருவார். அந்த இணைப்பும் அதே கட்டணத்துக்குள் இருந்தால்தான் பயன்.

வழக்கு முழுவதும் தமிழில் நடக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் எந்த மொழியிலும் நடத்தலாம் என்று அறிவோம். இருந்தாலும், தீர்ப்பை இந்திய நீதிமன்றத்தில் வைக்கும்போது அது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்த்துச் சான்றோடு தர வேண்டியிருக்கும், அது இன்னொரு செலவு. தீர்ப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதன் முன்னால் போகும் எங்கள் தமிழ்த் தாள்கள் ஒழுங்காகப் போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான். கட்டணமில்லாச் சேவையும் கேட்கவில்லை. நியாயமான கட்டணத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், அது முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

இவை குறித்து அமைச்சு அதிகாரிகள் எங்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கினால், மேலே சொன்ன வகைத் தாள்களையும் குரல் பதிவுகளையும் பெயர்களை மறைத்து மாதிரிக்குக் கொண்டுவருகிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடையை விட்டு நகர முடியாது. மற்ற எந்த வேலை நாளிலும் மதியம் மூன்று மணிக்கு மேல் வர இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேக்கா வட்டாரச் சிறு வணிகர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)