பாட்டைப் பற்றி ஒரு வரி வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராப் பாடகி டோச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கிராமி இசை விருது மேடையில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கண்கலங்கியது, உடை, தலைப்பின்னல் எல்லாம் இருந்தன. சிறந்த ராப் ஆல்பத்துக்கான விருது 1996-இல் தொடங்கியது, ஃபியூஜீஸ் குழுவின் லாரின் ஹில், கார்டி பி ஆகியோருக்குப் பிறகு அதைப் பெறும் மூன்றாவது பெண் இவர் என்ற தகவலும் இருந்தது. ஆனால் விருது வாங்கிய அந்த ஆல்பம் காதுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அது வெளிவந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள் நான். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஆல்பத்தின் பெயரான 'அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்' என்றால் முதலைக்கடி ஆறவே ஆறாது என்று பொருள். டோச்சியின் ஊர் ஃப்ளோரிடாவில் உள்ள டாம்பா. சதுப்புநிலமும் முதலையும் அந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. அட்டைப்படத்திலேயே ஒரு வெள்ளை முதலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று நாம் சொல்வோமே, அப்படி ஒரு பிடி இந்த ஆல்பத்துக்கு உண்டு. மொத்தம் 19 பாட்டுகள். பல பாட்டுகள் மூன்று நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து பிடித்துக்கொள்கிறது.

அவற்றில் 'டினையல் இஸ் எ ரிவர்' பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டினையல் என்றால் மறுப்பு. வேகமாகச் சொன்னால் 'த நைல்', அதாவது நைல் நதி என்பதுபோல் காதில் விழும். ரிவர் என்றால் நதி. ஆங்கிலத்தில் பழைய சிலேடை அது. பாட்டில் இரண்டு குரல்கள். இரண்டுமே டோச்சிதான். ஒரு குரல் அக்கறையாக விசாரிக்கிறது. இன்னொன்று, ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஆரம்பித்து, காதலன் செய்த துரோகம், பாட்டுக் கம்பெனி கொடுத்த நெருக்கடி, போதைப் பழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கொட்டுகிறது.

நான் நாகர்கோவில்காரி. சின்ன வயதில் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள். என் தாய்மாமா குடம் அடிப்பார். புலவர் கதை சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று எடுத்துக் கொடுப்பார். அந்தக் கேள்வி தாளத்துக்குள் வந்து விழும், கதையும் நகரும். டோச்சி அந்த இரண்டு வேலையையும் ஒரே தொண்டையில் செய்கிறார். கேட்கும் குரல் தணிந்து, நிதானமாக இருக்கிறது. பதில் சொல்லும் குரல் வரவரப் படபடத்துக் கீச்சிடுகிறது. கடைசியில் விசாரிக்கும் குரல், சரி, மூச்சை இழுத்து விடு என்கிறது. அதற்கப்புறம் சொற்களே இல்லை. மூச்சு வாங்குவதும் விடுவதும்தான் தாளம். மனம் ஆறுவதற்காகச் செய்யும் மூச்சுப் பயிற்சியே வேகம் பிடித்துப் படபடப்பாக மாறிவிடுகிறது. முதல் தடவை கேட்டபோது நானும் என்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னணியில் பெரிய இசைக்கருவிப் பட்டாளம் எதுவும் இல்லை. 1990-களின் நியூயார்க் ராப்பில் 'பூம் பாப்' என்பார்களே, கனமான ஓர் அடி, அதற்குப் பதில் சொல்வதுபோல் சுள்ளென்று ஓர் அடி, அந்தப் பழைய நடைதான் பல பாட்டுகளில். ராப் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்பவர்களைச் சீண்டவே 'பூம் பாப்' என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார். அந்தச் சத்தத்தையே வாயால் போட்டுப் போட்டு விளையாடுகிறார். இன்னொரு பாட்டின் பெயர் 'பாயில்ட் பீநட்ஸ்', அதாவது அவித்த கடலை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சாலையோரம் சுடச்சுட விற்பார்கள். நம் பஸ் ஸ்டாண்டில் கூம்புப் பொட்டலமாகக் கட்டித் தருவதே அங்கும் தெருத் தீனி என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு காரின் பெயரைக் கொண்ட 'நிஸான் அல்டிமா' பாட்டில் சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் வருகின்றன. அப்படியும் ஒரு மெய்யெழுத்துகூட மழுங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. 'ஸ்லைட்', 'பெவர்லி ஹில்ஸ்' போன்ற மெல்லிய பாட்டுகள் வரும் பின்பாதியில் வேகம் தளர்கிறது. அவருடைய பாட்டுக்குரல் இனிமையானதுதான், ஆனால் அந்தக் குரலில் பாட இன்னும் பலர் இருக்கிறார்கள். பேச்சுக்குரல்தான் அவருக்கே உரியது. கெட்ட வார்த்தைகளும் நிறைய உண்டு, வீட்டில் சத்தமாக வைத்துக் கேட்க முடியாது. இதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று பெற்றோர் யோசிப்பார்கள் அல்லவா?

2024 டிசம்பரில் வெளியான, என்பிஆர் என்ற அமெரிக்கப் பொது வானொலியின் 'டைனி டெஸ்க்' இசை நிகழ்ச்சியில் இந்த ஆல்பத்தின் சில பாட்டுகளைப் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு குழுவோடு நேரடியாகப் பாடினார். அங்கே கணினித் தாளத்தின் இடத்தில் டிரம்ஸும் ஊதுகருவிகளும் வந்தன. சொல் ஒவ்வொன்றும் அந்த ஊதலுக்கு ஈடுகொடுத்து நின்றது. உங்கள் கட்டுரையாளர் அதை ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்டிருந்தால் பின்னலைப் பற்றி இரண்டு பத்தி எழுத அவருக்கே மனம் வந்திருக்காது.

கச்சேரி விமர்சனத்தில் பாடகரின் சாரீரம், தாளக்கட்டு, ராக ஆலாபனை என்று அரைப் பக்கம் எழுதுகிறீர்கள். ராப் என்று வந்தால் மட்டும் விருதோடும் உடையோடும் நிறுத்திவிடுகிறீர்கள். இனி ஒரு ராப் ஆல்பத்தைப் பற்றி எழுதினால் குரல், தாளம், சொல்லின் ஓட்டம் ஆகியவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அறிமுகக் கட்டுரையின் இரண்டாம் பகுதியாக டோச்சியின் பாட்டைப் பற்றியே ஒன்று வெளியிட்டால் இன்னும் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்