டெல்டா ஆற்றுப் பச்சைக்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் ராத்திரியில் தூக்கம் வருகிறது. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் அன்பு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் பாடம் எடுத்தால் "அம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால் கடிதம்.

அன்று அலாஸ்காவில் ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் எண்ணெய்க் குழாயைப் பார்க்க வண்டியை நிறுத்தினோமே, அப்போது குட்டி கேட்டாள்: "இந்த மலையெல்லாம் எப்படி பாட்டி வந்துச்சு?" நான் என் சால்வையைக் கார் பானட்டில் விரித்து, இரண்டு பக்கமும் கை வைத்து நெருக்கி, "பூமியோட ரெண்டு தட்டு மோதிச்சு, நடுவுல மடிஞ்சு எழும்பிடுச்சு" என்று காட்டினேன். முப்பது வருஷம் வகுப்பில் காட்டிய அதே வித்தை. நீயும் தலையாட்டினாய். இங்கே வந்து உட்கார்ந்து படித்துப் பார்த்தால், நாம் நின்ற இடத்துக்கு அது முக்கால்வாசி தப்பு. வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? நீதான் குட்டிக்குத் திருத்திச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தக் கல். டெல்டா ஆற்றுப் படுகையில் நான் குனிந்து எடுத்ததும், "சூட்கேஸ்ல எடை ஏறும்மா" என்று நீ முறைத்தாயே, அது இப்போது என் மேஜையில் இருக்கிறது. கரும்பச்சை. உள்ளங்கையில் அடங்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நனைத்தால்தான் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. சில மிளகு அளவு, ஒன்றிரண்டு கொண்டைக்கடலை அளவு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் காற்றுக் குமிழி. எரிமலைக் குழம்பு ஆறும்போது வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்ட வாயு விட்டுப்போன பொந்துகள் அவை. பிறகு தண்ணீரில் கரைந்து வந்த கனிமங்கள் அதில் படிந்து அடைத்துவிட்டன. பச்சை நிறமும் பிறகு ஏறியதுதான்; கறுப்புப் பாறை வெந்து, நசுங்கி, உள்ளே கனிமங்கள் மாறியதால் வந்த நிறம்.

நிக்கோலாய் பச்சைப்பாறை என்று ஒன்று அலாஸ்காவில் பேர் போனது. என் கல் அதிலிருந்து உடைந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். காரணம் சொல்கிறேன். டெல்டா ஆறு அலாஸ்கா மலைத்தொடருக்குத் தெற்கே டாங்கிள் ஏரிகளில் கிளம்பி, மலையை ஊடுருவி வடக்கே வருகிறது. அந்தத் தெற்குப் பக்கத்தில் இந்தப் பாறை நிறைய இருக்கிறது. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலுக்கு நடுவில் குழம்பு மேல் குழம்பாகக் கொட்டி, 3 கிலோமீட்டருக்கும் மேல் கனமாகப் படிந்தது. அது கொட்டிய இடம் அலாஸ்கா இல்லை என்பதுதான் விசேஷம்.

எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளை கேட்பார். குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் பூமியின் காந்தப்புலம் இருக்கும் திசையிலேயே உறைந்துவிடும். துருவத்துக்குப் பக்கத்தில் அந்தத் திசை செங்குத்தாகத் தரைக்குள் குத்தும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். இந்தப் பாறையில் அது படுத்துக் கிடந்தது. வெயில் பிரதேசத்துக் கடலில் பிறந்த நிலம் இன்று பனிக்கு அடியில் கிடக்கிறது. இதே பாறை அடுக்கு கனடாவின் வான்கூவர் தீவிலும் இருக்கிறது. இவையெல்லாம் ஒரே நிலத்தின் துண்டுகள் என்று ஜோன்ஸ், சில்பர்லிங், ஹில்ஹவுஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1977-ல் எழுதி, ராங்கெல் மலைகளின் பெயரால் அதற்கு ராங்கெலியா என்று பெயர் வைத்தார்கள். இப்படி வேறெங்கோ உருவாகி வந்து ஒட்டிக்கொண்ட நிலத்தை டெரேன் என்கிறார்கள். எனக்குத் துண்டு என்ற சொல்லே போதும். அலாஸ்காவின் பெரும்பகுதி இப்படி வந்து ஒட்டிய துண்டுகள்தான்.

இந்த இடத்தில் "நீயும் எங்கிருந்தோ போய் அங்கே ஒட்டிக்கொண்டவள்தானே" என்று எழுதக் கை வந்தது. வேண்டாம், நீ சிரிப்பாய்.

சரி, ராங்கெலியா வந்து ஒட்டியது டைனோசர்கள் இருந்த காலத்தில். அது கண்டத்தை நெருங்க நெருங்க, இரண்டுக்கும் நடுவில் இருந்த கடல் சுருங்கி மூடிக்கொண்டது. அந்தக் கடலடிச் சேறு நசுங்கி, கறுத்த பலகைப் பாறையாக அங்கே மலைகளில் நிற்கிறது. ஒட்டுக்கு வடக்கே உங்கள் ஃபேர்பேங்க்ஸ் பக்கம். அது இன்னும் பழைய துண்டு. உன் வீட்டுப் பின்புறம் குட்டி பொறுக்கி வந்த கல்லில் ஜிகினா மாதிரி மினுக்கியதே, அந்த மைக்கா அந்தத் துண்டின் பாறையில் உள்ளது. ஆக, நம் கார் ஒன்றரை நாளில் ஓடிய ஓட்டத்தில் இரண்டு வெவ்வேறு நிலங்களைக் கடந்திருக்கிறோம். ஒரு போர்டு கூட இல்லை!

தையல் போட்ட இடம்தான் முதலில் பிரியும் என்பது துணிக்கு மட்டும் இல்லை போல. பழைய ஒட்டு இருந்த வாக்கிலேயே ஓடுகிறது டெனாலி பிளவு என்ற நீண்ட நில விரிசல். இங்கேதான் என் சால்வை வித்தை தோற்றது. அந்தப் பிளவில் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளவில்லை, உரசிக்கொண்டு நகர்கின்றன. பிளவுக்கு வடக்கே நின்று தெற்கே பார்த்தால் தெற்குப் பக்கம் நம் வலது கைப்பக்கம், அதாவது மேற்கே, போகிறது. அங்கே நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பார்க்கும்போது மலை எல்லாவற்றையும் கவனித்தோம், பிளவைக் கவனிக்கவில்லை. ஆனால் அது கண்ணெதிரேதான் இருந்தது. சாலைக்கு மேற்கே பிளாக் ராப்பிட்ஸ் பனியாறு, கிழக்கே கான்வெல் பனியாறு, இரண்டும் ஒரே கோட்டில் படுத்திருக்கின்றன இல்லையா? பிளவு அரைத்து நொறுக்கி வைத்த பாறையைப் பனி சுலபமாகச் சுரண்டிக்கொண்டு பள்ளமாக்கிவிட்டது. அந்தக் கோடுதான் பிளவு.

உரசிக்கொண்டு போனால் மலை ஏன் எழும்ப வேண்டும்? பிளவு நேராக ஓடவில்லை, அலாஸ்காவுக்குக் குறுக்கே வில்லாக வளைகிறது. பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றியபோது நடந்தது நினைவிருக்கிறதா? நேரான இடத்தில் சுவரை உரசிக்கொண்டு சுலபமாக வந்தது. திருப்பத்தில் மாட்டிக்கொண்டது, கீழேயிருந்து அப்பா தள்ளத் தள்ள முன்பக்கம் மேலே தூக்கியது. பிளவு நன்றாக வளையும் இடத்தில், அதன் தெற்குப் பக்கத்தில் நிற்கிறது டெனாலி சிகரம், 6,190 மீட்டர். 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழத்தில் உறைந்துபோன கிரானைட் அது. ஆனால் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் வேகமாக மேலே எழும்பத் தொடங்கியது. கிரானைட் சுலபத்தில் தேயாது என்பதால் அக்கம்பக்கத்துப் பாறை கரைந்து போக, இது நின்றுவிட்டது. நாம் போன இரண்டு நாளும் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

தள்ளுகிறவர் யார் என்பது தென்கரையில் இருக்கிறது. யாகுடாட் என்ற இன்னொரு துண்டு இப்போது வந்து மோதிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், சுமார் மூன்று விரற்கடை. அதன் முன்பகுதி அலாஸ்காவுக்கு அடியில் செங்குத்தாக இறங்காமல் தட்டையாக நுழைந்து, மேலே உள்ளதையும் சேர்த்துத் தள்ளுகிறது. கூட்டமான பஸ்ஸில் பின்வாசலில் ஒருவர் ஏறினால் முன்வாசலில் நிற்பவருக்கு மூச்சு முட்டுமே, அப்படி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கும் டெனாலி பிளவு வரை அந்த நெருக்கம் போகிறது. மோதும் இடத்தில் செயின்ட் எலியாஸ் சிகரம் கடலோரத்திலேயே 5,489 மீட்டர் எழும்பி நிற்கிறது. 1899 செப்டம்பர் 10-ல் யாகுடாட் விரிகுடாவில் பூமி அதிர்ந்தபோது, கரையின் ஒரு பகுதி 14 மீட்டருக்கு மேல் ஒரே தூக்காக உயர்ந்துவிட்டது. அதை 1905-ல் போய் அளந்த டார், மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? அலையடிக்கும் பாறையில் சுண்ணாம்பு மொட்டு போல ஒட்டி வாழும் சின்ன உயிர்கள், தண்ணீரே எட்டாத உயரத்தில் செத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள உயரம்தான் கணக்கு.

அப்புறம் அந்தக் குழாய். எனக்கு அந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான், மலையைவிட. 48 அங்குலக் குழாய், பிளவைத் தாண்டும் இடத்தில் தரைமேல் நீளமான உத்தரங்களில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அடியில் வழுக்கும் டெஃப்லான் பூசிய காலணி போன்ற தாங்கிகள். "ஏன் பாட்டி போல்ட் போடல?" என்று குட்டி கேட்டாள், மறந்துவிட்டார்கள் போல என்று நான் கிண்டல் செய்தேன். வேண்டுமென்றுதான் போடவில்லை. 1977-ல் ஓடத் தொடங்கிய குழாய் அது. பிளவு பக்கவாட்டில் 6 மீட்டர் நகர்ந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள்.

2002 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை பூகம்பம் வந்தது. 7.9 ரிக்டர் என்று நாம் சொல்லும் கணக்கு. சுசிட்னா பனியாற்றுக்கு அடியில், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பிளவில் தொடங்கி, டெனாலி பிளவுக்குத் தாவி, கிழக்கே ஓடி, டோட்சுண்டா பிளவில் போய் நின்றது. மொத்தம் சுமார் 340 கிலோமீட்டர் கிழிந்தது. சில இடங்களில் நிலம் 8 மீட்டருக்கு மேல் விலகியது. பிளாக் ராப்பிட்ஸ் பனியாற்றின் மேல் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து பரவின. குழாய் இருந்த இடத்தில் விலகல் 4 மீட்டருக்கு மேல். சில தாங்கிகள் உடைந்தன. குழாய் உத்தரத்தில் வழுக்கிக்கொண்டு வளைந்து கொடுத்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. உயிர்ச்சேதமும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்டவருக்கு அன்று சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

ஆக, குட்டிக்கு இப்படிச் சொல்: பாட்டி காட்டியது தப்பு, சால்வை வேண்டாம், இரண்டு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே இழு. நடுவில் கொஞ்சம் வளைவாக வெட்டிய அட்டை வைத்தால் எங்கே தூக்குகிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். அந்த மகிழ்ச்சியை நீ கெடுத்துவிடாதே, முன்கூட்டிச் சொல்லாமல் இரு.

உன் வீட்டில் வாட்டர் ஹீட்டரைப் பட்டை போட்டுச் சுவரோடு கட்டச் சொன்னேனே, மாப்பிள்ளை செய்தாரா? கட்டிலுக்கு மேல் மாட்டியிருக்கும் அந்தக் கனமான கண்ணாடிச் சட்டத்தையும் இறக்கி வைத்துவிடு. குட்டியின் தலைமாட்டில் அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்த முறை வால்டெஸ் பக்கம் போகும்போது, பாக்ஸன் தாண்டி எங்காவது, எடுக்கலாம் என்று உள்ள இடத்தில், பச்சையாக ஒரு கல் கிடைத்தால் தண்ணீரில் நனைத்து, வெள்ளைப் புள்ளி தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. என் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா